ரிலீவிங் ஆர்டர்

தனியார் மருத்துவமனைக்காரர்கள் எங்கே கூடினாலும் இப்போது ஒரே புலம்பல்தான். "நர்சுங்க தங்கறதே இல்லை. வேலை கத்துக்கறாங்க, ஒரு வருஷம் ஆனதும் கிளம்பிடறாங்க." அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு ஒரு தனியார் மருத்துவமனையில் நர்சிங் சூப்பரின்டெண்டாக இருக்கிறேன். நிர்வாகக் கூட்டம் என்றால் இந்தப் பேச்சு இல்லாமல் முடியாது. நான் வேலையில் சேர்ந்த 1980களில் இப்படி ஒரு கேள்வியே எழுந்ததில்லை. சேர்ந்தவர்கள் அந்த வேலையிலேயே தலை நரைத்தோம். அன்றைக்கு எங்களை மரியாதையாக நடத்தினார்கள், அதனால் இருந்தோம் என்று சொன்னால் அது பொய். இன்றைக்குச் சம்பளம் போதவில்லை, அதனால் போகிறார்கள் என்று மட்டும் சொன்னால் அது பாதி உண்மை.

அன்றைய நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன். தென் மாவட்டத்தில் ஒரு பெரிய அரசு மருத்துவமனை. ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டில் கட்டில்கள் நிரம்பி, இரண்டு கட்டிலுக்கு நடுவே பாய், அதுவும் நிரம்பி வராந்தா. இரவில் அத்தனை பேருக்கும் ஒரு ஸ்டாஃப் நர்ஸ், உடன் பயிற்சி மாணவிகள். கண்ணாடி சிரிஞ்சை ஸ்டெரிலைசரில் கொதிக்க வைத்து, மழுங்கிய ஊசியைக் கல்லில் தீட்டி, மறுபடியும் கொதிக்க வைத்து ஊசி போட்ட காலம். வெள்ளைப் புடவையும் தொப்பியும் கஞ்சி போட்டு விறைப்பாக இருக்க வேண்டும். அந்த வெள்ளைப் புடவையோடு மாதவிலக்கு நாட்களில் பன்னிரண்டு மணி நேர இரவு டூட்டி. எங்களுக்கென்று தனிக் கழிப்பறை கிடையாது. நோயாளிகளுடையதைப் பயன்படுத்தக் கூசி, தண்ணீர் குடிக்காமலே டூட்டி பார்த்துச் சிறுநீரகத் தொற்று வந்தவர்கள் எங்கள் செட்டில் பலர்.

மரியாதை என்று பார்த்தால், டாக்டர் வார்டுக்குள் நுழைந்ததும் எழுந்து நிற்க வேண்டும். மருந்து கலந்துகொண்டிருந்தாலும் எழ வேண்டும். சீஃப் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது ஒருத்தி கேஸ் ஷீட்களைத் தூக்கிக்கொண்டும், இன்னொருத்தி தண்ணீர்ப் பேசினும் டவலும் ஏந்திக்கொண்டும் பின்னாலேயே போக வேண்டும். ஒவ்வொரு நோயாளியைத் தொட்ட பிறகும் அவர் கையை நீட்டுவார். நாங்கள் தண்ணீர் ஊற்றி, டவல் கொடுத்து, அடுத்த கட்டிலுக்குப் போவோம். நோயாளியின் முன்னாலேயே, அவருடைய உறவுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, "படிச்சியா, மாடு மேய்ச்சியா" என்று கேட்பார்கள். பதில் சொல்லும் வழக்கம் கிடையாது.

ஆனால் எங்களுக்கு ஒரு மேட்ரன் அம்மா இருந்தார். விடிகாலையில், இரவு டூட்டி முடிகிற நேரத்துக்கு முன்பே வார்டில் வந்து நிற்பார். முதல் கேள்வி, "டீ குடிச்சியா?" அதற்குப் பிறகுதான், "எத்தனை அட்மிஷன், எத்தனை டெத்?" அடுத்த வாரத்து டூட்டி லிஸ்டை வியாழக்கிழமையே ஒட்டிவிடுவார். ஒட்டிய பிறகு மாற்ற வேண்டி வந்தால் ஆயாவைக் குவார்ட்டர்ஸுக்கு அனுப்பி, "வர முடியுமான்னு கேட்டுட்டு வா" என்று சொல்வார். வா என்று உத்தரவு போட அதிகாரம் இருந்தது, கேட்டுத்தான் மாற்றுவார். தவறு செய்தால் அவருடைய அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வாங்கு வாங்கென்று வாங்குவார். வார்டில், நோயாளி முன்னால், ஒரு சொல் சொன்னதில்லை.

ஒருநாள் டிரெசிங் டிராலியில் கத்தரிக்கோல் இல்லையென்று சீஃப் கிட்னி டிரேயை ஒரு ஜூனியர் பெண்ணின் காலடியில் வீசி எறிந்தார். அவள் அழுதுகொண்டே பொறுக்கினாள். யாரோ மேட்ரனிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் ரவுண்ட்ஸுக்கு மேட்ரன் அம்மாவே வந்து நின்றார். பேசின் இல்லை, டவல் இல்லை. முதல் நோயாளியைப் பார்த்துவிட்டு சீஃப் வழக்கம்போல் கையை நீட்டினார். "அந்த மூலையில குழாய்ல தண்ணி வருது சார். டவல் பக்கத்துலயே தொங்குது. பிள்ளைங்களுக்கு டிரெசிங் நிறைய இருக்கு" என்றார் மேட்ரன். குரலை உயர்த்தவில்லை. சீஃப் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தார், பிறகு குழாயடிக்கு நடந்தார். அதன் பிறகு அந்த வார்டில் யாரும் பேசின் தூக்கியதில்லை.

இந்தச் சம்பவத்தை இளம் நர்சுகளிடம் சொல்லும்போது "அவங்க தைரியசாலி மேடம்" என்பார்கள். தைரியசாலிதான். ஆனால் அந்தத் தைரியத்துக்குக் கீழே கெட்டியான ஒரு தரை இருந்தது. அவர் நிரந்தர அரசு ஊழியர். சீஃபால் அவரைத் திட்ட முடியும், மேலிடத்துக்கு எழுத முடியும், மிஞ்சிப் போனால் இடமாற்றம் செய்ய வைக்க முடியும். நாளைக்கு வேலைக்கு வராதே என்று சொல்ல முடியாது. மாதச் சம்பளம் வரும், ஓய்வூதியம் வரும். அதனால்தான் அவர் எங்களுக்காகப் பேசினார். அவர் பேசினார் என்பதால்தான் நாங்கள் அத்தனை அவமானத்துக்கு நடுவிலும் அந்த வேலையை எங்களுடையது என்று நினைத்தோம்.

பிறகு படிக்கக் கிடைத்தபோது ஒரு விஷயம் என்னை ஆச்சரியப்படுத்தியது. ஏறத்தாழ நான் வேலைக்குச் சேர்ந்த அதே காலத்தில் அமெரிக்காவில் நர்சுகளுக்குப் பெரும் தட்டுப்பாடு. அந்தத் தட்டுப்பாட்டிலும் சில மருத்துவமனைகளில் மட்டும் நர்சுகள் தங்குகிறார்களே, எதனால் என்று அங்குள்ள நர்சிங் அகாடமி ஆராய்ந்தது. 163 மருத்துவமனைகளைப் பார்த்து, அவற்றில் 41-ஐக் காந்த மருத்துவமனைகள் என்று அடையாளம் கண்டு, 1983-இல் அறிக்கை வெளியிட்டது. அந்த இடங்களில் பொதுவாக இருந்தவை இவைதான்: நர்சிங் தலைமை வார்டில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருந்தது, நர்சுகளின் சொல்லைக் கேட்டது, டூட்டி நேரத்தை அவர்களுடைய குடும்பத்துக்கும் இசைவாகப் போட்டது, டாக்டர்களோடு அவர்களைச் சமமாக உட்கார வைத்தது. எங்கள் மேட்ரன் அம்மா இதில் பாதியை எந்த அறிக்கையும் படிக்காமலே செய்துகொண்டிருந்தார்.

நம் நாட்டிலும் அறிக்கைகளுக்குக் குறைவில்லை. 1946-இல் போர் (Bhore) கமிட்டி, நாடு முழுவதும் சுமார் 7,000 நர்சுகள், 43,000 பேருக்கு ஒருவர் என்று கணக்கெடுத்ததோடு, அவர்கள் வேலை செய்கிற நிலைமை மோசம் என்றும் எழுதியது. 1954-இல் நர்சுகளின் பணி நிலைமையையும் ஊதியத்தையும் ஆராயவென்றே ஷெட்டி கமிட்டி வந்தது. 1987-இல் ஓர் உயர்நிலைக் குழு. சம்பளம், விடுதி, வேலைப் பளு, ஆள் பற்றாக்குறை என்று ஒரே பட்டியல் தலைமுறைக்குத் தலைமுறை திரும்பி வந்திருக்கிறது.

இன்றைக்கு வருகிறேன். இப்போதைய மருத்துவமனைகளில் ஊசி தீட்ட வேண்டாம், தொப்பி இல்லை, பேசின் இல்லை. மே 12 செவிலியர் தினத்தன்று கேக் வெட்டி, ரோஜாப்பூ கொடுத்து, தேவதைகள் என்று மேடையில் பேசுகிறார்கள். பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டத்தின்படி குழு இருக்கிறது, அதன் உறுப்பினர் பெயர்கள் சுவரில் இருக்கின்றன. 26 வாரப் பேறுகால விடுப்பு 2017 முதல் சட்டத்தில் இருக்கிறது. இவையெல்லாம் எங்களுக்குக் கிடைக்காதவை, போராடிப் பெற்றவை, நான் இவற்றைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் மேட்ரன் அம்மாவின் காலுக்குக் கீழே இருந்த தரை இப்போது இல்லை.

முதலில் அரசுத் துறையையே எடுத்துக்கொள்வோம். 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியாகத் தேர்வு எழுதி வந்த ஆயிரக்கணக்கான நர்சுகள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தார்கள். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற நம்பிக்கையோடுதான் சேர்ந்தார்கள். 2017 நவம்பர் கடைசியில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் நிரந்தரம் கேட்டுக் கைக்குழந்தைகளோடு வந்து உட்கார்ந்தது அந்தப் பெண்கள்தான். பிறகு தொகுப்பூதியம் படிப்படியாக உயர்ந்தது, கொஞ்சம் கொஞ்சமாகச் சிலர் நிரந்தரமானார்கள். பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் ஒரே வேலை பார்க்கிற இரண்டு நர்சுகளில் ஒருத்தியின் சம்பளம் மற்றவள் வாங்குவதில் பாதிகூட இல்லை என்ற நிலையை என் கடைசிப் பணிக்காலத்தில் தினமும் பார்த்தேன். மெமோ வந்தால் நிரந்தரப் பணியில் இருப்பவள் பதில் எழுதுவாள், ஒப்பந்தப் பணியில் இருப்பவள் அழுவாள்.

கொரோனா வந்தது. 2020 மார்ச் 22 அன்று நாடே கைதட்டியது. தமிழ்நாட்டில் அவசரமாக நர்சுகளை வேலைக்கு எடுத்தார்கள். கவச உடைக்குள் வியர்வையில் நனைந்து, பெற்ற பிள்ளையை வாரக்கணக்கில் பார்க்காமல், விடுதி அறைகளில் தனியாக முடங்கி, வேலை பார்த்தார்கள். அப்படி எடுக்கப்பட்டவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பணி 2022 டிசம்பர் 31 அன்று முடித்துவைக்கப்பட்டது. புத்தாண்டை அவர்கள் தெருவில், போராட்டத்தில் தொடங்கினார்கள். அவர்களில் சிலர் என்னிடம் வேலை பார்த்தவர்கள். இதைப் பார்த்த பிறகு எந்தப் பன்னிரண்டாம் வகுப்புப் பெண்ணிடமும் நர்சிங் படி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லியாக வேண்டும், சொல்கிறேன், ஆனால் முன்போல் வரவில்லை.

தனியார் துறையில் கதை வேறு. அங்கே அனுப்பிவிடுவார்களோ என்ற பயமும் உண்டு, போகவும் விட மாட்டார்கள். நான் சேர்ந்த முதல் வாரத்திலேயே மனிதவளப் பிரிவில் ஓர் இரும்பு அலமாரியைக் காட்டினார்கள். சேருகிற ஒவ்வொரு பெண்ணின் ஒரிஜினல்களும் அதில்தான். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலிருந்து நர்சிங் கவுன்சில் பதிவுச் சான்றிதழ் வரை. கூடவே இரண்டு வருட பாண்டு. நடுவில் போனால் பணம் கட்டிவிட்டுத்தான் ஒரிஜினலை வாங்க முடியும். அனுபவச் சான்றிதழும் ரிலீவிங் ஆர்டரும் இழுத்தடிப்பார்கள். வெளிநாட்டு வேலைக்கு மனுப் போட்ட பெண்ணுக்கு ஒரு மாதத் தாமதம் என்றால் அந்த வாய்ப்பே போய்விடும் என்பது அலுவலகத்துக்குத் தெரியும்.

கேரளத்தில் இதை எதிர்த்து எழுந்தார்கள். 2011, 2012-இல் அங்கே தனியார் மருத்துவமனை நர்சுகள் நடத்திய வேலைநிறுத்தங்களில் சம்பளத்துக்கு இணையாக முன்னால் நின்ற கோரிக்கை பாண்டு ஒழிய வேண்டும் என்பது. 2017-இல் மறுபடியும் போராடி, குறைந்தபட்சச் சம்பளம் 20,000 ரூபாய் என்பதை அரசாணை வரை கொண்டுவந்தார்கள். அதற்கு நடுவே உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு அமைத்த குழு 2016-இல் ஒரு கணக்கைக் கொடுத்தது. 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனையில் அரசு நர்சுக்கு நிகரான சம்பளம், 100-க்கு மேல் என்றால் அதில் 10 விழுக்காட்டுக்கு மேல் குறையக் கூடாது, 50-க்கு மேல் என்றால் 25 விழுக்காடு, 50-க்குக் கீழே என்றாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. நான் பார்த்த சிறு நகர மருத்துவமனைகளில் இந்தக் கணக்கைக் கேள்விப்பட்ட முதலாளியையே காண்பது அரிது.

நர்சுகள் வேலையை விடும்போது ஒரு படிவம் நிரப்புவார்கள். ஏன் போகிறீர்கள் என்ற கேள்விக்கு எல்லாரும் சொந்தக் காரணம் என்றே எழுதியிருப்பார்கள். திருமணம், குடும்பம், மேற்படிப்பு. அந்தப் படிவங்களை வைத்துத்தான் அலுவலகம், "பொம்பளைப் பிள்ளைங்கன்னா அப்படித்தான்" என்று முடிவு கட்டியிருந்தது. நான் அவர்களைத் தனியாகக் கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்து, கேட்கத் தொடங்கினேன்.

ஒருத்தி ராமநாதபுரம் பக்கத்துக் கிராமம். வளர்த்த பாட்டி இறந்துவிட்டாள். லீவு கேட்டதற்கு, "பாட்டிக்கெல்லாமா லீவு?" என்று கேட்டிருக்கிறார்கள். "சம்பளத்தை வெட்டிட்டு லீவு கொடுத்திருந்தாக்கூட இருந்திருப்பேன் மேடம். அந்தக் கேள்விதான்" என்றாள். இன்னொருத்தி அவசரப் பிரிவில் இருந்தவள். நோயாளியோடு வந்தவர் குடிபோதையில் அவளுடைய அடையாள அட்டைக் கயிற்றைப் பிடித்து இழுத்துக் கெட்ட வார்த்தை பேசியிருக்கிறார். மேலாளர் வந்து அவளிடம் சொன்னது, "பெரிய இடம்மா, நீ ஒரு சாரி சொல்லிடு." மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் மூன்றிலிருந்து பத்து ஆண்டு வரை சிறை என்று 2008-லேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. வாசலில் போலீஸ் ஜீப் நின்றால் பெயர் கெடும் என்று நினைக்கிற நிர்வாகம் இருக்கும்வரை அந்தச் சட்டம் அவளுக்கு என்ன செய்யும்? அவள் சாரி சொன்னாள். மறுநாள் ராஜினாமா கொடுத்தாள்.

நாற்காலி விஷயத்தையும் சொல்ல வேண்டும். சிசிடிவியில் பார்த்த யாரோ ஒருவருக்கு, நர்சிங் ஸ்டேஷனில் பெண்கள் உட்கார்ந்திருப்பது உறுத்தியிருக்கிறது. அவர்கள் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தது சார்ட். ஒரு நோயாளிக்கு ஒரு டூட்டியில் எத்தனை தாள் எழுத வேண்டும் என்பது எழுதுகிறவருக்குத்தான் தெரியும். நாற்காலிகளை எடுத்துவிட்டார்கள். துணிக்கடைப் பெண்கள் உட்காரலாம் என்று 2021-இல் சட்டத்தைத் திருத்திய மாநிலத்தில், பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற நர்சுக்கு நாற்காலி கேட்டு நான் முதலாளியின் அறைக்குப் போக வேண்டியிருந்தது. நாற்காலிகள் திரும்பி வந்தன. என்னால் போய்க் கேட்க முடிந்ததற்கு என் ஓய்வூதியமும் ஒரு காரணம்; அந்த வேலை போனாலும் என் வீட்டில் அடுப்பு எரியும். எனக்குக் கீழே இருக்கிற இன்சார்ஜ் சிஸ்டர் ஒரு வீட்டுக் கடனோடும், அலமாரியில் கிடக்கும் ஒரிஜினல்களோடும் அதே அறைக்குள் போய் எப்படிப் பேசுவாள்?

நோயாளிக்கும் இதில் பங்கு இருக்கிறது என்பதை முதலாளிகளுக்குச் சொன்னால்தான் காது கொடுக்கிறார்கள். லிண்டா எய்கனும் சகாக்களும் பென்சில்வேனியாவில் செய்த ஆய்வு 2002-இல் வெளியானது. ஒரு நர்சின் பொறுப்பில் கூடுதலாக ஒரு நோயாளி சேரும்போது, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடும், நர்ஸ் சோர்ந்துபோகும் வாய்ப்பு 23 விழுக்காடும் கூடுகிறது என்றது. ஒருத்தி போனால் மிச்சமிருப்பவர்கள் டபுள் டூட்டி பார்க்கிறார்கள், அந்தக் களைப்பில் அடுத்தவள் போகிறாள். இந்திய நர்சிங் கவுன்சில் பொது மருத்துவமனைக்கு 5 படுக்கைக்கு ஒருவர், அதற்கு மேல் விடுப்புக்காக 30 விழுக்காடு கூடுதல் என்று கணக்கு வைத்திருப்பது இதற்காகத்தான். அந்த 30 விழுக்காட்டை எல்லாரும் வீண் செலவென்று வெட்டுகிறார்கள். வெட்டிய இடத்தில்தான் பாட்டியின் சாவுக்கு லீவு இல்லாமல் போகிறது.

எங்கள் மருத்துவமனையில் சில மாற்றங்கள் நடந்தன. டூட்டி லிஸ்ட் இப்போது இரண்டு வாரம் முன்னதாகவே ஒட்டப்படுகிறது. டபுள் டூட்டிக்கு மறு ஆஃப் உண்டு, அது எழுத்தில் இருக்கிறது. மருந்து வைக்கும் அறையில் நின்றுகொண்டு டப்பாவைத் திறந்து சாப்பிட்டவர்களுக்கு மேசையும் குழாயும் உள்ள ஓர் அறை கிடைத்தது. நோயாளி முன்னால் நர்சைத் திட்டக் கூடாது என்று டாக்டர்களுக்குச் சொன்னபோது இளம் டாக்டர்கள் உடனே ஒப்புக்கொண்டார்கள். மூத்தவர் ஒருவர் மட்டும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவசரப் பிரிவில் யாராவது கை வைத்தால் புகார் கொடுப்பது நிர்வாகத்தின் வேலை, அந்தப் பெண்ணுடையது அல்ல என்று எழுதி வாங்கினேன்.

ஒரிஜினல்கள் விஷயத்தில்தான் கடும் வாக்குவாதம். "கொடுத்துட்டா நாளைக்கே போயிடுவாங்க மேடம்" என்றார் முதலாளி. "போக நினைக்கிறவ மனசு ஏற்கெனவே போயிடுச்சு சார். காகிதத்தைப் பூட்டி வெச்சுக்கிட்டு ஐ.சி.யு.வில் யாரை நிறுத்தியிருக்கீங்க?" என்று கேட்டேன். நிரந்தரமாக்குங்கள், வருடாவருடம் சம்பளம் கூட்டுங்கள், பி.எஃப். ஒழுங்காகக் கட்டுங்கள், இன்சார்ஜ் சிஸ்டரை நினைத்த நேரத்தில் அனுப்ப முடியாது என்று எழுதிக் கொடுங்கள் என்றேன். இழுத்துப் பறித்து, ஒரு வருடம் முடித்தவர்களின் ஒரிஜினல்களைத் திருப்பிக் கொடுக்கச் சம்மதித்தார்.

வாங்கிக்கொண்டவர்களில் சிலர் போனார்கள். ஒருத்தி ஜெர்மன் மொழித் தேர்வு எழுதிவிட்டுப் போனாள், ஒருத்தி ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வு எழுதி அயர்லாந்து போனாள். போகட்டும். உலகம் முழுவதும் 59 லட்சம் நர்சுகள் பற்றாக்குறை என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது. கூப்பிடுகிற கதவுகள் இனி மூடப்போவதில்லை. அவர்களுக்கு ரிலீவிங் ஆர்டரைக் கேட்ட அன்றே கொடுக்க வைத்தேன். அயர்லாந்து போனவள் தன்னுடைய ஊரிலிருந்து இரண்டு ஜூனியர்களை எங்களிடம் அனுப்பிவைத்தாள். போகலாமா என்று இருந்த இன்சார்ஜ் சிஸ்டர் ஒருத்தி போகவில்லை. போன வாரம் ஒரு சர்ஜனிடம், இத்தனை நோயாளிக்கு இரண்டு ஸ்டாஃப் போதாது, இன்னொரு கேஸை இப்போது ஏற்ற முடியாது என்று நேராகச் சொன்னாள். சர்ஜன் என்னிடம் புகார் சொன்னார். அவள் சொன்னது சரி என்றேன்.

புதிதாகச் சேர்கிறவர்களின் சான்றிதழ்கள் முதல் ஒரு வருடத்துக்கு இன்னமும் அந்த அலமாரிக்குத்தான் போகின்றன. பாண்டும் இருக்கிறது. அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் என் முதல் கோரிக்கை அதுதான், எழுதியும் கொடுத்துவிட்டேன்.